பறக்க வேண்டாம் என்று சொன்ன நாள்

சென்ற மாதம், பழைய வேலையில் என்னோடு இருந்த கார்த்தி தொலைபேசியில் கூப்பிட்டான். அவன் குடியிருப்பது வாகட் என்ற நகர்ப்பகுதியில் ஓர் அடுக்ககத்தின் உச்சி மாடி. அவன் குரலுக்குப் பின்னால் ஜன்னல் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. மேற்குக் காற்று, ஈரம் ஏறியது, இன்னும் கொஞ்ச நேரத்தில் ஓய்ந்துவிடும் என்று மனம் தானாகக் கணக்குப் போட்டது. யாரும் கேட்காத கணக்கு.

"ஸ்டெல்லாக்கா, இப்பெல்லாம் நாங்க யாருக்கும் ஃபோன் பண்றதில்லீங்க. ஸ்கிரீன்ல பச்சை வுழுந்தா டிரோனை ஏத்தறோம். செவப்பு வுழுந்தா ஷெட்டுக்குள்ள தள்ளி வெச்சர்றோம். அந்தப் பக்கம் ஆஸ்பத்திரிக்காரங்க மொபைல்லயும் அதே செவப்பு வுழுந்துருது. வேலை சுளுவாப் போச்சுங்."

"நல்லதுதானே கார்த்தி."

"நல்லதுதானுங்க்கா" என்றான். ஃபோனை வைக்கவில்லை. அவன் எதைச் சொல்லாமல் இருக்கிறான் என்று எனக்குத் தெரியும். அதைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன்.

நான் வானிலைக்காரி. பிறந்தது கட்கி கண்டோன்மெண்ட் ஓரத்தில். அம்மா பள்ளி ஆசிரியை. வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் இந்தியும் மராத்தியும். தமிழ் எழுத்து எனக்கு மறக்காமல் இருப்பதற்கு அம்மா தினமும் சத்தமாக வாசிக்க வைத்த வேதாகமம் காரணம். பௌதிகம் படித்தேன், வானிலை அலுவலகத்தில் சேர்ந்தேன். ஆரம்ப வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. விடியலில் மொட்டை மாடியில் நின்று ஒரு பலூனை விடுவேன். அது கண்ணுக்குத் தெரியும்வரை தொலைநோக்கியில் ஒற்றைக் கண்ணால் அதன் பின்னாலேயே போவேன். அது சாயும் பக்கம் காற்று. கடைசியில் ஒரு புள்ளியாகும், பிறகு புள்ளியும் இல்லை. அதன்பின் கொஞ்ச நேரம் எதையும் பார்க்காமல் நிற்பேன். அப்படித்தான் இந்த வேலை என்னைப் பழக்கியது.

பல வருடம் விமானங்களுக்கு முன்னறிவிப்புச் சொன்னேன். பிறகு நேனே மேடம் கூப்பிட்டார். என் பழைய மேலதிகாரி. அலுவலகத்தில் ஓய்வு பெற்றதும் ஒரு தனியார் டிரோன் சேவையில் வானிலைப் பிரிவைத் தொடங்கியிருந்தார். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு மருந்து, ரத்தம், தடுப்பூசி கொண்டுபோகும் சேவை. முள்ஷிப் பக்கம் ஒரு வெட்டவெளி, ஒரு ஷெட், ஓர் அறை. நான் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு சாங்வியில் இருந்த என் வீட்டிலிருந்து தினமும் அங்கே போய்வர ஆரம்பித்தேன்.

"விமானத்துக்கும் டிரோனுக்கும் என்ன வித்தியாசம் ஸ்டெல்லா?" என்று முதல் நாள் கேட்டார்.

"சின்னது. லேசானது."

"அது பொம்மைக் கடைக்காரன் சொல்றது. நீ சொல்லு."

எனக்கு விளங்க ஒரு மழைக்காலம் ஆனது. தரையில் காற்றை அளக்கும் கருவி ஒரு பனைமர உயரத்துக்கும் கீழே நிற்கிறது. பலூன் மேலே மேலே போய் மேகத்தின் செய்தியைச் சொல்கிறது. இரண்டுக்கும் நடுவில், கோபுர உயரத்தில், ஒரு காற்று ஓடுகிறது. விமானம் அதைச் சில நொடிகளில் கடந்துவிடும், மனிதன் அங்கே போவதே இல்லை. அந்த உயரத்தை யாரும் எங்களிடம் கேட்டதில்லை, நாங்களும் சொன்னதில்லை. டிரோன் முழுப் பயணத்தையும் அங்கேதான் பறக்கிறது. மரம் அசையாத மதியத்தில்கூட அங்கே ஆறு ஓடலாம். மலை முகட்டில் மோதி ஏறிய காற்று மறுபக்கம் அருவிபோல விழும். அது விழும் வேகம் டிரோன் ஏறும் வேகத்தைவிட அதிகமானால், அதன் விசிறிகள் முழு மூச்சில் சுற்றிக்கொண்டிருக்கும்போதே அது கீழே போய்க்கொண்டிருக்கும்.

அப்படி ஒன்று போனது, நாங்கள் தொடங்கிய புதிதில். கணினி போட்ட வானிலைக் கணக்கு மென்காற்று என்றது. டிரோன் முகட்டைத் தாண்டியது, திரையில் அதன் உயரம் படிப்படியாக இறங்கியது, நின்றது. மறுநாள் ஆடு மேய்க்கும் ஒருவர் பள்ளத்தில் கண்டுபிடித்தார். கார்த்தி போய்ப் பார்த்தபோது அதைக் கயிற்றால் ஒரு மரத்தில் கட்டிவைத்திருந்தார்.

"ஏனுங்கய்யா கட்டி வெச்சிருக்கீங்கன்னு கேட்டனுங்க்கா. மறுபடி பறந்து போயிட்டா நான் யாருக்குப் பதில் சொல்றதுன்னாரு" என்று கார்த்தி சிரித்தான். கோயம்புத்தூர்க்காரன், டிரோன் ஓட்டி, எங்கள் அணியில் எனக்குத் தமிழ் பேசக் கிடைத்த ஒரே ஆள். "உங்க தமிழ்ல பாதி இந்தி, பாதி மராத்தி, மிச்சம் காத்துங்க்கா" என்பான். "அரே, போடா" என்பேன். "பாருங், இதுலயே 'அரே' வந்துருச்சு."

சிரிப்பு எங்களோடு நின்றது. அன்று அந்தப் பெட்டியில் இருந்த தடுப்பூசிகள் எல்லாம் வீண். அதற்குப் பிறகுதான் நேனே மேடம் எங்கள் நடைமுறையைக் கட்டினார்.

காலையில் அறைக்குள் வந்ததும் திரைச்சீலையை இழுத்து மூடவேண்டும். வரைபடங்களை வரைந்து முடிக்கும்வரை வானத்தைப் பார்க்கக்கூடாது. "ஆகாயம் அழகா இருந்தா உன் பென்சில் தாராளமாயிடும்" என்பார். பயணத்தை நான்கு துண்டாக்கவேண்டும்: எழும்புவது, முகட்டை நெருங்குவது, முகடு, இறங்குவது. ஒவ்வொன்றுக்கும் காற்று எங்கிருந்து, எவ்வளவு, எத்தனை நேரம் தாங்கும். 'இருக்கலாம்', 'வாய்ப்புண்டு' போன்ற சொற்களை அந்த அறையில் சொல்லக்கூடாது. எல்லாம் சொல்லி முடித்ததும், கிண்ணத்தில் போஹா என்ற அவல் உப்புமாவைக் கரண்டியால் கிளறிக்கொண்டு, நின்றபடியே ஒரு கேள்வி கேட்பார். எப்போதும் அதே கேள்வி.

"எது நடந்தா நீ தப்பு?"

அதற்குப் பதில் இல்லாத முன்னறிவிப்பை அவர் வாங்கிக்கொள்ளமாட்டார்.

கடைசி விதி ஒன்று உண்டு. மற்ற எங்கும் நான் கண்டதில்லை. பறக்கலாம் என்றால் செய்தி அனுப்பினால் போதும். பறக்கவேண்டாம் என்றால், வேண்டாம் என்று முடிவு செய்தவரே, மருந்துக்குக் காத்திருப்பவரை அழைத்துத் தன் வாயால் சொல்லவேண்டும். அவர் கேட்கும் கேள்வி எல்லாம் தீரும்வரை ஃபோனை வைக்கக்கூடாது. அந்த நேரத்தில் நேனே மேடம் அறையைவிட்டு வெளியே போய்விடுவார். என் முகத்தைப் பார்த்து நீ பேசக்கூடாது என்பது அவர் கட்சி. கதவு சாத்தும் சத்தம் கேட்கும். அறையில் நான், ஒரு ஃபோன், மூடிய சீலை.

மே மாதக் கடைசி. மழை இன்னும் வரவில்லை, அதன் வாசனை மட்டும் வந்திருந்தது. மதியச் சாப்பாட்டு வேளையில் மலைக்கு அந்தப் பக்கத்துச் சுகாதார நிலையத்திலிருந்து அழைப்பு. பாம்புக்கடி. பெண், பெயர் ஹௌசாபாய். நாற்றங்காலுக்கு எரிப்பதற்காகச் சருகு அள்ளியிருக்கிறார். அந்த மலையில் அதுதான் வழக்கம், நிலத்தின் மேல் சருகைப் பரப்பி எரித்து, அந்தச் சாம்பலில் நெல் தூவுவார்கள். குவியலுக்கடியில் விரியன் இருந்திருக்கிறது. வலது கை விரலில் கடி. அந்த நிலையத்தில் விஷமுறிவு மருந்து அந்த வாரம்தான் தீர்ந்திருந்தது. எங்கள் குளிர்பெட்டியில் இருந்தது சரியாக ஒரு முதல் டோஸ். பிரித்து அனுப்ப முடியாது, அத்தனையும் சேர்ந்தால்தான் மருந்து. டிரோன் என்றால் ஒரு தேநீர் குடிக்கும் நேரத்தைவிடக் கொஞ்சம் கூட. ஜீப் என்றால் காட் ரோடு என்ற மலைச்சாலையின் வளைவுகள் எல்லாவற்றையும் சுற்றவேண்டும்.

கார்த்தி டிரோனை வெளியே தள்ளி, பெட்டியை மாட்டி, அறைக்குள் எட்டிப் பார்த்தான்.

"போலாமுங்களாக்கா?"

நான் திரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கணினிக் கணக்கு மென்காற்று என்றது. ராடாரில் கிழக்கே, நகரத்துக்கும் அப்பால், கைக்குட்டை அகலத்தில் ஓர் இடிமேகம். அத்தனை தூரத்து மேகம் எங்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. ஆனால் அதற்கு மேற்கே இருந்த தானியங்கி வானிலை நிலையத்தில் வெப்பம் திடீரென்று சரிந்திருந்தது, காற்று திரும்பியிருந்தது. பிறகு இன்னும் மேற்கே இருந்த நிலையத்திலும் அதே சரிவு. மேகம் நின்ற இடத்தில் நிற்க, அதன் அடியிலிருந்து கொட்டிய குளிர்காற்று மட்டும் தரையோடு தரையாக எங்களை நோக்கி ஓடிவந்துகொண்டிருந்தது. மழை இல்லை, இருட்டு இல்லை, இடிச்சத்தம்கூட இல்லை. இரண்டு நிலையங்களுக்கு நடுவில் அது ஓடிய வேகத்தை வைத்துப் பார்த்தேன். டிரோன் முகட்டை அடையும்போது அதுவும் முகட்டை அடையும்.

நேனே மேடம் பின்னால் வந்து நின்றார். சொன்னேன்.

"எது நடந்தா நீ தப்பு?"

"நடுவழியில் அந்தக் காற்று தளர்ந்து படுத்துவிட்டால்."

"அது தெரிய முகட்டில் கருவி இருக்கா?"

"இல்லை."

"அப்ப?"

"நான் வேண்டாம் என்கிறேன், மேடம்."

அவர் ஃபோனை என் பக்கம் நகர்த்திவிட்டு வெளியே போனார். கதவு சாத்திக்கொண்டது.

கார்த்தி போகவில்லை. "அக்கா, வெளிய வந்து பாருங். ஆகாசம் கண்ணாடியாட்ட இருக்குது. ஒரு உசுருங்க்கா."

"தெரியும்."

"நீங்க காயிதத்தப் பாக்கறீங்க. நான் வானத்தப் பாக்கறேன்."

"கார்த்தி, அது பள்ளத்தில விழுந்தா மருந்தும் அதோட போச்சு. அப்புறம் ஜீப்புல எதை அனுப்புவே?"

அவன் பெட்டியைக் கழற்றப் போனான். வேகமாகப் போனான், அது கோபமா அவசரமா என்று எனக்குத் தெரியவில்லை.

நான் எண்ணை அழுத்தினேன். எடுத்தவர் மங்கள் சிஸ்டர், அந்த நிலையத்துச் செவிலி. மராத்தியில்தான் பேசினார், என் நினைவில் அது தமிழாகவே இருக்கிறது.

"கிளம்பிருச்சா தாயி?" தாயி என்றால் அவர்கள் பேச்சில் அக்கா.

"இல்லை. டிரோன் வராது. மலை மேல காத்து வருது."

"என்ன காத்து? இங்க ஒரு இலை ஆடல."

"இப்ப ஆடாது. வரும்."

"வருமா, வந்துருச்சா?"

"வரும்."

"வராத காத்துக்காக மருந்த நிறுத்திவெச்சிருக்கியா?"

"நிறுத்தலை. ஜீப்ல வருது. இப்பவே கிளம்புது."

பின்னணியில் ஓர் ஆண் குரல் யாரையோ பெயர் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. ஒரு பெண்ணின் முனகல். வைத்துவிடலாம் என்று கை சொன்னது. விதி வைக்காதே என்றது. நான் மூச்சு விடுவது அவருக்குக் கேட்கிறது என்று தெரிந்தும் அப்படியே இருந்தேன்.

"ஜீப் காட் ரோட்ல வருதா?" என்றார் திடீரென்று.

"ஆமாம்."

"அப்ப நாங்க ஏன் இங்க உக்காந்திருக்கணும்? இவளை வண்டியில ஏத்துறேன். டாக்டரும் வரட்டும். நடுவுல எங்க பாக்குறோமோ அங்கயே ஊசி போடட்டும். உன் டிரைவர் நம்பர் கொடு."

கொடுத்தேன். திருப்பிச் சொன்னார். சரிபார்த்தேன்.

"உன் பேரு என்ன?"

"ஸ்டெல்லா."

"ஞாபகம் வெச்சுக்கறேன்" என்றார். நன்றியா மிரட்டலா என்று அந்தக் குரலில் தெரியவில்லை.

மருந்துப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கார்த்தியும் ஜீப்பில் போனான். நான் சீலையை விலக்கினேன். வானம் அவன் சொன்னதுபோலவே இருந்தது. நீலம், சுத்தம், குற்றமற்றது. அந்த நீலத்தைப் பார்த்துக்கொண்டு நான் காற்றுக்காகக் காத்திருந்தேன். வா, வந்துவிடு என்று வேண்டினேன். ஒரு கெட்ட காற்றை யாராவது அப்படி அழைப்பார்களா? எங்கோ ஒரு பெண்ணின் கை வீங்கிக்கொண்டிருக்கிறது, நான் என் கணக்கு பலிக்க வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

வந்தது. வெட்டவெளியின் கிழக்கு ஓரத்தில் புழுதி எழுந்தது. ஷெட்டின் தார்ப்பாய் உப்பி அறைந்தது. வந்த வேகத்திலேயே போய்விட்டது. ஆனால் அது எங்கள் வெளியில் வீசிய காற்று. முகடு வேறு. அங்கே ஏறியதா, ஏறும் முன்பே சோர்ந்து படுத்ததா?

கார்த்தி முகட்டிலிருந்து கூப்பிட்டான். "பாத்துட்டோமுங்க்கா. ஊசி போட்டாச்சு. ரோட்டோரத்துலயே, வண்டிக்குள்ள வெச்சு. இனி பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டீட்டு வர்றாங்க."

"காற்று?"

"இப்ப ஒண்ணுமில்லீங்."

"முன்னாடி அடிச்ச மாதிரி இருக்கா?"

அவன் சுற்றிப் பார்த்திருக்கவேண்டும். "ரோட்டுல ஒரு கிளை ஒடிஞ்சு கெடக்குதுங்க்கா. எப்ப ஒடிஞ்சதுன்னு தெரியலீங். இன்னிக்கா, நேத்தா..." கொஞ்சம் நிறுத்தி, "இன்னிக்குன்னு வெச்சுக்குங்க" என்றான். அதுதான் அவன் எனக்குக் காட்டிய கருணை. நான் அப்படி வைத்துக்கொள்ளவில்லை.

பறந்த நாள்களிலெல்லாம் மாலையில் சொன்னதையும் நடந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். அன்று வைத்துப் பார்க்க ஒன்றுமில்லை. நேனே மேடம் கைப்பையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றார்.

"பறக்காத டிரோன் விழுந்திருக்குமா, போய்ச் சேர்ந்திருக்குமான்னு யாரும் வந்து சொல்லப்போறதில்ல. இது இப்படியேதான் இருக்கும். பழகிக்கோ." பிறகு, அவர் வழக்கத்துக்கு மாறாக, "சாப்பிட்டியா?" என்றார்.

ஹௌசாபாய் பிழைத்தார். விரலில் பாதியை எடுத்துவிட்டார்கள். அதை மங்கள் சிஸ்டர்தான் சொன்னார். இன்னும் சீக்கிரம் மருந்து ஏறியிருந்தால் ஒருவேளை விரல் தப்பியிருக்கும் என்று பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னதையும் சேர்த்தே சொன்னார். மறைக்கவில்லை. நானும் மறைத்திருக்கமாட்டேன்.

சில நாள் கழித்து, விடுப்புப் போட்டு, அந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். வார்டின் ஓரக் கட்டிலில் ஒல்லியான பெண், என் வயதுதான் இருக்கும், கட்டுப்போட்ட கையைத் தலையணைமேல் தூக்கி வைத்திருந்தார். பக்கத்தில் கணவர். நான் யார் என்று சொன்னதும் அவர் தரையைப் பார்த்தார். அந்தப் பெண் என்னைப் பார்த்தார்.

"வேண்டாம்னு சொன்னது நீயா?"

"நான்தான்."

"விமானம் வந்திருந்தா இந்த விரல் இருந்திருக்குமா?" டிரோனை அவர் விமானம் என்றுதான் சொன்னார்.

"வந்து சேர்ந்திருந்தா இருந்திருக்கலாம்." நேனே மேடம் தடை செய்த சொல் என் வாயில் வந்தது.

"வந்து சேர்ந்திருக்குமா?"

"தெரியாது."

"உனக்கே தெரியாதா?"

"யாருக்கும் தெரியாது."

அவர் கணவர் நாற்காலியை நகர்த்தினார். அந்தச் சத்தம் வார்டு முழுக்க இழுபட்டது. ஹௌசாபாய் மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்தபடி யோசித்தார். நான் ஃபோனில் இருந்ததுபோலவே இருந்தேன், அவர் கேட்டு முடிக்கும்வரை.

"சருகு எரிச்சாச்சு" என்றார் கடைசியில். "தங்கச்சி எரிச்சுட்டா. விதை தூவணும். தூவி மழை வரலன்னா குருவி தின்னுட்டுப் போகும், மிச்சத்த வெயில் தின்னும். தூவாம மழை வந்துட்டா நிலம் சேறாயிடும். இந்த வியாழக்கிழமைக்குள்ள எங்க மலையில மழை வருமா, வராதா?"

முந்தைய நாள் நான் வரைந்த வரைபடங்கள் கண்முன் இருந்தன. மேற்குக் கடலில் திரண்டது, அது ஏறும் வேகம், மலை அதை நிறுத்தும் இடம்.

"வரும்."

"இது தெரியுமா?"

"இது தெரியும்."

அவர் என் முகத்தில் எதையோ தேடினார். பிறகு கணவர் பக்கம் திரும்பி, "ஊருக்கு ஃபோன் போடு. தூவச் சொல்லு" என்றார்.

விமானங்களுக்குச் சொன்னபோது, ரத்தத்துக்கும் மருந்துக்கும் சொன்னபோது, நான் இப்படிப் பயந்ததில்லை. அந்த வாரம் முழுக்க சாங்வியில் என் பால்கனிக் கதவைத் திறந்தே வைத்திருந்தேன். செவ்வாய் வெயில். புதனும் வெயில், எரிச்சலூட்டும் வெயில். ஷெட்டில் கார்த்தி என்னைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க்கா, ஒடம்புக்கு முடியலீங்களா?" என்று கேட்டான். ஒன்றுமில்லை என்றேன். வியாழன் காலை நகரத்தின்மேல் மேகம் வந்து நின்றது. நின்றதே தவிர இறங்கவில்லை. மதியம்வரை பொறுத்தேன். பிறகு மங்கள் சிஸ்டரின் எண்ணை அழுத்தினேன்.

உடனே எடுத்தார். நான் இன்னும் வாய் திறக்கவில்லை.

"விடிஞ்சதுலேர்ந்து பெய்யுது ஸ்டெல்லா" என்றார்.